கோத்தா பேனா எழுதாத ஞாயிறு

தன் பேனாவைப் பற்றி நாலு பேர் என்ன பேசுகிறார்கள் என்று கேட்க அடைக்கப்பன் அண்ணன் வரப்போவதே இல்லை. நான் மட்டும் பிரிக்பீல்ட்ஸ் போய்க் கேட்டு வந்து சொன்னால் போதும். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அதுதான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை நான் கிள்ளான் கொமுட்டர் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது, எனக்கு முன்னாலேயே டிக்கெட் எடுத்து, தூணில் சாயலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாதவர்போல நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ராஜேஸ்வரி அக்கா. கையில் பெரிய முறுக்கு டப்பா.

"நான் பூ வாங்க வரேன்," என்றார் அக்கா. நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"பூவா? நம்ம லிட்டில் இந்தியா பூராவும் பூக்கடைதானேக்கா?"

"அது கிள்ளான் பூ. இது பிரிக்பீல்ட்ஸ் பூ. ஒனக்கென்ன தம்பி, ரயிலு ஒன்னோடதா?"

அண்ணன் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். "கன்னையா, நான் யாருன்னு அங்க சொல்லக் கூடாது. ஒன் பெரியம்மா மகன். பந்திங்கில லோரி ஓட்டுறேன். பேனாவைப் பத்தி ஒண்ணும் தெரியாது. சும்மா தொணைக்கு வந்தேன். சரியா?"

"லோரி டிரைவர் சட்டைப் பையில மூணு மைப்பேனா இருக்குமாண்ணே?"

அவர் குனிந்து பார்த்து, மூன்றையும் எடுத்து அக்காவின் கைப்பைக்குள் போட்டார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

நான் இன்சூரன்ஸ் விற்கிறவன். என் கையெழுத்தைப் பார்த்து பாலிசியைத் திருப்பி அனுப்பிய கதைகள் உண்டு. அப்படிப்பட்டவன் மைப்பேனா வாங்கிச் சேர்ப்பது, பல்லில்லாதவன் பட்டாணி வாங்கிச் சேர்ப்பது மாதிரிதான். ஆனால் என்னைப் போன்றவர்கள் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையின் மாடியில், மத்தியானக் கூட்டம் கலைந்த பிறகு கூடுவோம். அவரவர் பேனாக்களை மேசையில் பரப்பி, அடுத்தவர் பேனாவை எடுத்து எழுதி, "ம்" என்போம். அந்த "ம்"மில் நூறு விதம் உண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கு அது புரியாது.

அண்ணனும் இந்தக் கிறுக்கு பிடித்தவர்தான். ஆனால் கூட்டத்துக்கு வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் பெரும்பாலும் இரவு ஷிப்ட். போர்ட் கிள்ளானில் ஒரு கொண்டெய்னர் கிடங்கில் சூப்பர்வைசர் வேலை பார்த்தார். முட்டி இரண்டும் தேய்ந்துபோகும் அளவுக்கு அந்த சிமெண்டுத் தரையில் நடந்தவர். அவருக்கு ஒரே ஆதங்கம். "நல்ல பேனான்னா வெலை கண்ணைக் கட்டுது. மலிவா வாங்கினா, ஒண்ணு கீறுது, இல்ல சட்டையில ஒழுகுது. பள்ளிக்கூடப் பிள்ளை வாங்குற வெலையில, ஒழுங்கா எழுதுற பேனா ஒண்ணு ஏன் இருக்கக் கூடாது?"

இதை எல்லாரும்தான் கேட்போம். கேட்டுவிட்டு டீ குடிக்கப் போவோம். அண்ணன் டீ குடிக்கப் போகவில்லை. காப்பாருக்குப் போய், கிச்சாப் எனும் சோயா சாஸ் பாட்டிலுக்கு மூடி அடிக்கும் பிளாஸ்டிக் பாக்டரி லிம் என்பவரைப் பிடித்து, அச்சு வெட்ட வைத்து, நிப்பை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, தைப்பூசத்துக்கு முன்பு வேலையையும் விட்டுவிட்டார். கிள்ளான் ஆற்றின் கோத்தா பாலத்தின் நினைவில் பேனாவுக்கு 'கோத்தா' என்று பெயர். உள்ளே மை ஆடுவது தெரியும் கண்ணாடி உடம்பு. மூடி மட்டும் செம்பனைப் பழத்தின் ஆரஞ்சு.

அக்காவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. அதை அவர் ஒளித்ததுமில்லை. அவர்கள் வீட்டுச் சமையலறையில் ஒரே ஒரு நீள மேசை. அதில்தான் அக்கா ஆர்டருக்கு முறுக்கும் சீப்புச் சீடையும் செய்வார். அதே மேசையின் மறுபாதியில் அண்ணன் பேனா பூட்டுவார். நடுவில் ஒரு பழைய துண்டு, எல்லைக்கோடு மாதிரி. மாவு இந்தப் பக்கம் பறந்தால் அண்ணன் கத்துவார். மை அந்தப் பக்கம் தெறித்தால் அக்கா கத்துவார். நான் இரண்டு பக்கமும் கை நீட்டி, முறுக்கைத் தின்றுகொண்டே பேனாவைப் பார்ப்பேன்.

"ஒலகமே கட்டை வெரல்ல டைப் பண்ணுது," என்பார் அக்கா, எண்ணெயில் முறுக்கைத் திருப்பிப் போட்டபடி. "இவுக மைப்பேனா செய்யறாக. நாளைக்கு மாட்டு வண்டி செய்வாக. நீயும் வந்து ஓட்டிப் பாத்துட்டு 'ம்'முன்னு சொல்லு தம்பி."

முதல் தொகுதிப் பேனாக்களை எங்கள் கூட்டத்தாருக்குத்தான் அண்ணன் இலவசமாக அனுப்பினார். 'கிள்ளானில் ஒருவர் செய்திருக்கிறார், அபிப்பிராயம் வேண்டுமாம்' என்று நான்தான் எல்லாருடைய முகவரியும் வாங்கிக் கொடுத்தேன். செய்தவர் யார் என்று மட்டும் சொல்லவில்லை. ஏனென்றால், செய்தவரை எதிரில் வைத்துக்கொண்டு நம் ஆட்கள் உண்மை பேச மாட்டார்கள். "நல்லாருக்கு, ரொம்ப நல்லாருக்கு" என்று கையைக் குலுக்கிவிட்டு, வீட்டுக்குப் போனதும் பேனாவை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார்கள்.

இன்னொரு விதி, புதுப் பேனா வந்தால் கூட்டம் கூடும் வரை வாட்ஸ்அப்பில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது. முன்பொரு முறை ஒரு ஜப்பான் பேனாவால் வந்த சண்டையில் இரண்டு பேர் குரூப்பைவிட்டுப் போய்விட்டார்கள். ஆக, பேனா போய்ச் சேர்ந்தும் ஒரு சத்தமில்லை. அந்த மௌனத்தில்தான் அண்ணன் பாதி இளைத்தார்.

ரயில் படாங் ஜாவாவில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. வெளியே புகைமூட்டம் வெயிலைத் தின்று, வெளிச்சம் மட்டும் கண்ணைக் கூச வைத்தது. அண்ணன் எழுந்து கதவருகே போனார். வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். முழங்கால் தானாக ஆடியது. அக்கா அந்த முழங்கால் மேல் முறுக்கு டப்பாவை வைத்தார். இப்போது டப்பா ஆடியது.

போன் மணியடித்தது. லிம். அண்ணன் காதில் வைத்து, "யா, யா, பெத்தாங், பெத்தாங்," என்றார். வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சாயங்காலத்துக்குள்ள பதில் கேக்குறான். நாளைக்குக் காலையில மெஷின் நம்மளுக்கு. வேணாம்னா அச்சைக் கழட்டிட்டு கிச்சாப் பாட்டில் மூடி ஏத்திடுவான். அப்புறம் எப்ப எடம் கெடைக்கும்னு சொல்ல முடியாதாம்."

"நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"நான் என்னத்த முடிவு பண்ண? அவங்க நல்லா எழுதுதுன்னு சொன்னா, ஓட்டு. இல்லன்னா விட்டுற வேண்டியதுதான். பழைய மேனேஜர் என் எடத்தை நாளை வரைக்கும் வெச்சிருக்கார். நைட் ஷிப்ட்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அந்த முட்டியோட," என்று மட்டும் சொன்னார். ரயில் நகர்ந்தது.

மாடியில் மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். கீழேயிருந்து ரசவாசனையும், இலை மடிக்கும் சத்தமும், தட்டு விழும் சத்தமும் வந்துகொண்டிருந்தன. மின்விசிறி சுற்றியது, காற்றைத்தான் காணோம். என் பெரியம்மா மகனை அறிமுகப்படுத்தினேன். "பந்திங்கில லோரி ஓட்டுறார்." அண்ணன் தலையாட்டினார். அக்காவை அறிமுகப்படுத்துவதற்குள் அவரே "நான் பூ வாங்க வந்தேன்," என்றார்.

முதலில் பேசியது ஷான். எங்கள் கூட்டத்தில் இளையவன்; பேனாக்களை வீடியோ எடுத்துப் போடுகிறவன். அவன் ஒரு வார்த்தை சொன்னால், பினாங்கில் ஒருவன் பேனா வாங்குவான், அல்லது வாங்காமல் விடுவான்.

"ஓகே, நான் ஸ்டார்ட் பண்றேன்," என்று கோத்தாவைத் தூக்கிக் காட்டினான். "லுக் சூப்பர். இந்த ஆரஞ்சு மூடி அழகு. கையில லைட்டா இருக்கு. உள்ள மை தெரியுது. பேர்தான் ஏதோ அரிசி மூட்டை பிராண்ட் மாதிரி இருக்கு, பரவால்ல. ஒரே ஒரு சின்னப் பிரச்சினை. எழுதாது. அதைத் தவிர எல்லாம் ஓகே லா."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் பழக்கதோஷத்தில் பாதி சிரித்துவிட்டு நிறுத்தினேன். அண்ணன் எழுந்து கை கழுவப் போனார்.

அடுத்தது சண்முகரத்தினம் ஐயா. யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். கவர்மெண்ட் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, இதே பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்கு வீட்டில் பேனாக்களோடு குடியிருப்பவர். எங்கள் கூட்டத்தில் அவருடைய "ம்"முக்குத்தான் மதிப்பு அதிகம்.

"தம்பி பகிடியாச் சொல்லுறார். நான் பகிடி விடேல்லை," என்றார் அவர். "வேற வேற மை போட்டுப் பாத்திட்டன். ஒரு கோடு வரும். பிறகு நிண்டு போகும். உதறினா ஒரு சொட்டு விழும். அந்தச் சொட்டு என்ர புதுச் சாரத்தில இப்பவும் இருக்கு. தோய்ச்சும் போகேல்லை."

"அப்ப மை நல்ல மைதான் ஐயா," என்றான் ஷான்.

"மையை நான் குறை சொல்லேல்லை, தம்பி."

செமினியிலிருந்து வந்திருந்த ஒருவர், தன் பேனா ஒரு எழுத்துகூட எழுதவில்லை என்றும், தன் மனைவி அதை முடிக்கு ஊசியாகச் செருகிப் பார்த்ததாகவும், அதற்கு நன்றாக இருப்பதாகவும் சொன்னார். பல் டாக்டர் ஜெயமாலா, கிளினிக்கில் நோயாளிக்கு அடுத்த வருகைக்கான அட்டை எழுத எடுத்தாராம். "'செவ்வாய்'னு எழுதுறதுக்குள்ள நின்னுடுச்சு. பேஷண்ட் வாயைத் தொறந்துக்கிட்டுப் பாத்துட்டே இருக்காரு. பேனாவையே ஓட்டத் தெரியல, இந்தம்மா டிரில்லை எப்படி ஓட்டும்னு நெனச்சிருப்பாரு."

அண்ணன் கை கழுவிவிட்டு வந்து, உட்காராமல் மறுபடி கை கழுவப் போனார். கடைப் பையன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அக்கா முறுக்கு டப்பாவைத் திறக்கவே இல்லை. மூடியைத் திருகுவதும் இறுக்குவதுமாக இருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. என் பையிலிருந்து கோத்தாவை எடுத்தேன். என்னுடையது தபாலில் வந்ததல்ல. அண்ணன் பூட்டி முடித்த அன்றே, மேசையிலிருந்து அவர் கையாலேயே வாங்கிப் போனது. "என்னோடது நல்லாத்தான் எழுதுது," என்று காகிதத்தில் இழுத்தேன். மை, பால்காரன் ஊற்றுவது மாதிரி இறங்கியது. என் எழுத்து வழக்கம்போல் கோழி நடந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு காலடியும் தெளிவாக இருந்தது.

காரியத்தைக் கெடுத்தது அதுதான்.

ஷான் என் பேனாவை வாங்கி எழுதிப் பார்த்தான். முகம் மாறியது. "அங்கிள், இது ஸ்மூத்தா இருக்கு. ஒங்களுக்கு மட்டும் எப்படி? ஒங்களுக்கு மேக்கரைத் தெரியும்ல?"

"தெரியும்..."

"அதானே. தெரிஞ்ச ஆளுக்கு நல்ல நிப். மத்தவங்களுக்கு குப்பை நிப். காட்டுறதுக்கு ஒண்ணு, விக்கிறதுக்கு ஒண்ணு. இது சீட்டிங் லா. நான் இதை அப்படியே வீடியோவுல சொல்லப்போறேன்."

"ஏய் தம்பி." அக்கா டப்பாவை மேசைமேல் வைத்த சத்தத்தில், கீழே யாரோ மேலே பார்த்திருப்பார்கள். "யாரைச் சீட்டிங்ங்கிற? இவுகளா ஏமாத்துறாக? ஒவ்வொரு பேனாவையும் கண்ணு வலிக்க வலிக்க எழுதிப் பாத்து, கழுவி, தொடச்சு, பிள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி குளிப்பாட்டி வெச்சாக. நான் பாத்துக்கிட்டு நின்னவ. எழுதலைன்னா எழுதலைன்னு சொல்லு. ஏமாத்துனாகன்னு சொல்லாத!"



"ஆன்டி," என்றான் ஷான் மெதுவாக, "'இவுக'ன்னா யாரு?"

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் ஈரக்கையோடு, கைகழுவும் தொட்டிக்கும் மேசைக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். லோரி டிரைவர் வேடம் அதோடு முடிந்தது. ஒழுங்காகப் போட்ட வேடமுமில்லை.

"நான்தான் செஞ்சேன்," என்றார். "மன்னிக்கணும். ஒங்க வாயால உண்மை கேக்கணும்னுதான் சொல்லல. கேட்டாச்சு. ஆனா தம்பி, நல்லது கெட்டதுன்னு பிரிச்செல்லாம் நான் அனுப்பல. எல்லாம் ஒரே நிப். கன்னையா வாங்கிட்டுப் போன அன்னிக்கு மத்ததும் அதே மாதிரிதான் எழுதுச்சு. சத்தியமா எழுதுச்சு." என் பேனாவைப் பார்த்தார். "ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியல. காரணமே தெரியாத ஒண்ணை நான் விக்கக் கூடாது. லிம்முக்கு வேணாம்னு சொல்லிடுறேன்."

போனை எடுத்தார். ஈரவிரலுக்கு அது திறக்க மறுத்தது. சட்டையில் விரலைத் துடைத்தார்.

"பொறும், பொறும்," என்றார் சண்முகரத்தினம் ஐயா. "நீர் எழுதிப் பாக்கேக்க எழுதினது. எங்களிட்ட வரேக்க எழுதேல்லை. அப்ப இடையில ஏதோ நடந்திருக்கு. டொக்டர், உம்மட அந்தக் கண்ணாடி இருக்கோ?"

ஜெயமாலா பல் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எப்போதும் பையில் வைத்திருப்பவர். நிப் பார்ப்பதற்கு அதைவிட நல்ல கருவி கிடையாது என்பது எங்கள் கூட்டத்தின் கண்டுபிடிப்பு. மாட்டிக்கொண்டு, என் பேனாவை ஒரு கையிலும் ஷானின் பேனாவை ஒரு கையிலும் பிடித்தார்.

"கன்னையா சாரோடது கிளீன்," என்றார். "நிப்போட பிளவுல வெளிச்சம் தெரியுது. இது... அடைச்சிருக்கு. அடியில நாக்குலயும் ஏதோ இருக்கு."

"பாக்டரி எண்ணெயா இருக்கும்," என்றார் செமினிக்காரர்.

"எண்ணெய் இப்படிக் காயாது. பல்லுல காரை படியுற மாதிரி இருக்கு." பையிலிருந்து மெல்லிய பல் குத்தூசியை எடுத்து நிப்பின் பிளவில் விட்டு, மிக மெதுவாக இழுத்தார். நுனியில் மஞ்சளாக ஒரு பொடி வந்தது. விரலில் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி முகர்ந்தார்.

"சிரிக்காதீங்க. இது சந்தனம்."

"சந்தனமா?" என்றான் ஷான். "லிமிட்டட் எடிஷனா?"

அந்தப் பொடி, விரல் விரலாக, மேசையைச் சுற்றி வந்தது. எல்லாரும் முகர்ந்தார்கள். சந்தேகமே இல்லை, கோயிலில் கொடுப்பார்களே, அதே வாசனை. அடுத்த பேனாவிலும் அதுதான். அதற்கடுத்ததிலும்.

"என் வீட்ல சந்தனம் எங்கேருந்து..." என்று ஆரம்பித்த அண்ணன் நிறுத்தினார். அக்காவைப் பார்த்தார்.

அக்கா டப்பா மூடியைத் திருகுவதை நிறுத்திவிட்டிருந்தார். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.  அண்ணனிடம்தான் பேசினார். அந்த மேசையில் வேறு யாருமே இல்லாத மாதிரி.

"நீங்க போர்ட்டுக்குப் போனீங்கள்ல, கிடங்கு பாஸைத் திருப்பிக் குடுக்க. அன்னிக்கு. பேனா எல்லாம் மேசையில மூடியில்லாம, தலையைத் தூக்கிக்கிட்டு வரிசையா நின்னுச்சு. நாளைக்குத் தபால்ல போடப்போறீங்க. புது லோரி வாங்குனா பொட்டு வைக்காம ரோட்டுல எறக்குறமா? மிக்ஸி வாங்குனாக்கூட வைக்கிறோம். இதுக்காக வேலையவே விட்டுட்டு வந்தீங்க. வெறும்னே எப்படி அனுப்புறது? எனக்கு மனசு வரல."

"நிப்புலயா வெச்ச?"

"பின்ன? லோரின்னா வண்டியோட முகத்துல வைக்கிறோம். பேனாவுக்கு எது முகம்? எழுதுற எடத்துலதானே வைக்கணும்?"

யாரும் சிரிக்கவில்லை. ஷான்கூட.

"வெச்சதுக்கு அப்புறம் நெனச்சேன், நீங்க பாத்தா சிரிப்பீங்களேன்னு. தெனமும் மாட்டு வண்டின்னு திட்டுறவ இப்படிப் பண்ணியிருக்கேன்னா, அப்புறம் வீட்ல எனக்கு என்ன மரியாதை? அதான், ஈரத் துணியால தொடச்சுட்டேன். ஒண்ணொண்ணையும் நல்லா அழுத்தித் தொடச்சேன்."

"அழுத்தித் தொடச்சதுலதான் ஆன்டி, உள்ள போயிருச்சு," என்றார் ஜெயமாலா, கண்ணாடியைக் கழற்றாமலே.

அண்ணன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அன்று காலையிலிருந்து அவர் உட்கார்ந்து நான் பார்த்த முதல் உட்காரல் அதுதான். மற்றதெல்லாம் எழுவதற்கான ஏற்பாடு.

"எல்லாத்துக்கும் வெச்சியா?"

"ஒண்ணையும் விடல."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். என்னிடம் ஒரு நகைச்சுவை தயாராக இருந்தது, அந்த நேரத்தில் உள்ளே விட. நல்லவேளை, விடவில்லை. அவர் முகம் நான் பார்க்கக் கூடாத ஒன்றாக மாறியது. மின்விசிறியைப் பார்த்தேன்.

"வெந்நீர் வேணும்," என்றார் சண்முகரத்தினம் ஐயா. "சும்மா பாத்துக்கொண்டு இருந்தா சந்தனம் கரையாது."

கடைப் பையனைக் கூப்பிட்டு, தே தாரிக் கிளாஸ்களில் வெறும் சுடுதண்ணீர் கேட்டோம். "டீ வேணாம், தண்ணி மட்டுமா?" என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். நிப்புகளைப் பிடுங்கிக் கிளாஸ்களில் போட்டோம். ஜெயமாலா, நோயாளிகளுக்குக் கொடுக்கும் சின்னப் பல் துலக்கிகளை ஆளுக்கொன்று கொடுத்தார். மேலே வந்து எட்டிப் பார்த்த கடை முதலாளி, பத்துப் பெரியவர்கள் பேனாவுக்குப் பல் துலக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் இறங்கிப்போனார். மாடி முழுக்கச் சந்தனமும் சாம்பாரும் கலந்த வாசனை. அக்காவும் ஒரு நிப்பை எடுத்தார். "மெதுவா, அழுத்தாத," என்றார் அண்ணன். "தெரியும்," என்றார் அக்கா.

பிறகு எல்லாம் எழுதின.

அதற்காக எல்லாரும் கொண்டாடிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். எங்கள் கூட்டம் அப்படிப்பட்டதல்ல. மூடி ரொம்ப இறுக்கம், திறக்கும்போது மேசையில் இடித்துக்கொண்டேன் என்றார் செமினிக்காரர். விரல் பிடிக்கும் இடத்தில் அச்சின் கோடு ஒன்று உறுத்துகிறது, அதைத் தேய்க்கச் சொல்லுங்கள் என்றார் ஜெயமாலா. மூடாமல் வைத்தால் சீக்கிரம் காய்கிறது, பேரை மாற்றினால் நல்லது, ஆரஞ்சு மட்டும் போதாது, நீலமும் வேண்டும் என்றெல்லாம் சொன்னார்கள். அண்ணன், அப்போதுதான் கழுவிய ஒரு கோத்தாவை எடுத்து, முறுக்கு டப்பாவுக்குள் விரித்திருந்த காகிதத்தில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். மனிதர் திட்டு வாங்கி நான் அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

ஷான் வீடியோவைப் புதிதாக எடுத்தான். "ஃபர்ஸ்ட் இம்ப்ரஷன், டேக் டூ," என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினான். "ஆன்டி, சீட்டிங்னு சொன்னது சாரி."

"முறுக்குச் சாப்பிடு," என்றார் அக்கா.

சண்முகரத்தினம் ஐயா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு காகிதம் முழுக்கத் தன் கையெழுத்தைப் போட்டார். அடுத்த காகிதம் எடுத்தார். அவருடைய "ம்"முக்காக அண்ணன் காத்திருந்தார், நானும்தான்.

"எனக்கு இது பிடிக்கேல்லை," என்றார் கடைசியில்.

அண்ணனின் பேனா நின்றது.

"இந்த விலைக்கு இது இப்பிடி எழுதக் கூடாது. வீட்டில இருக்கிற என்ர விலை கூடின பேனாக்களுக்கு இனி நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

மூடியை இரண்டு கையாலும் அழுத்தி மூடி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. நனைந்தவர்களின் ஈரமும், ஏ.சி. குளிரும், யாரோ வாங்கிய டுரியான் வாசனையுமாக ரயில் நிறைந்திருந்தது. அக்கா பூ வாங்க மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தினேன், முறைத்தார்.

அண்ணன் கையில் போன். லிம்மின் பெயர் வரைக்கும் போவார், அழுத்தாமல் விடுவார். முழங்கால் மறுபடி ஆடத் தொடங்கியிருந்தது.

"என்னண்ணே, எழுதுதே. இன்னும் என்ன?" என்றேன்.

"எழுதுது. சரி. பத்துப் பேர் பேனாக் கிறுக்கு பிடிச்சவங்க சொல்லிட்டாங்க. கடையில யாரு வாங்குவா? இப்ப இவனுக்குச் சரின்னு சொன்னா, நாளைக்குப் பழைய எடம் போயிடும். அப்புறம் போய் நிக்க முடியாது." அக்காவைப் பார்க்காமல் கேட்டார்: "வேலையை விட்டதுலேருந்து என்னைப் பைத்தியம்னுதானே சொல்லிக்கிட்டிருக்க?"

"பைத்தியம்தான்," என்றார் அக்கா. "பைத்தியத்துக்குத்தானே வேண்டிக்கணும். தெளிவா இருக்கிறவுகளுக்கு எதுக்கு?"

ரயில் ஷா ஆலாமைத் தாண்டியது. அண்ணன் போனைக் கீழே வைத்தார், எடுத்தார், மறுபடி வைக்கப் போனார். அக்கா அதை அவர் கையிலிருந்து பிடுங்கி, பெயரை அழுத்திக் காதில் வைத்தார். எண்ணெய் டின் வாங்கப் போகும் கடைகளில் பேசிப் பழகிய அதே பாசார் மலாய்.

"பாஸ், இனி அடைக்கப்பன் பூஞா பினி. யா, பேனா. பெசோக் ஜாலான் லா."

அடைக்கப்பன் பெண்டாட்டி பேசுகிறேன், நாளைக்கு மெஷினை ஓட்டு. அவ்வளவுதான். போர்ட் கிள்ளான் கிடங்கின் இரவு ஷிப்ட் அந்த ஒரு வாக்கியத்தோடு போயிற்று.  எதிர்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு மலாய்க்கார அம்மா எங்களைப் பார்த்து, காரணம் தெரியாமலே சிரித்தார்.

அக்கா வைத்துவிடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாஸ், சத்து லாகி. பெசோக் பாகி சாயா டாத்தாங். மெசின் பெலும் ஜாலான். லிமா மினிட் சஜா."

மெஷின் ஓடுவதற்கு முன் காலையில் நான் வருவேன், ஐந்து நிமிஷம் போதும் என்கிறார். அந்தப் பக்கம் லிம் எதற்கென்று கேட்டிருக்க வேண்டும். "அடா லா," ஒரு விஷயம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி அக்கா போனை வைத்தார்.

அண்ணன் எதற்கென்று கேட்கவில்லை. ஜன்னலில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். படாங் ஜாவாவில் ரயில் மறுபடி நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.

"மெஷினுக்கு மேல வை," என்றார். "அச்சுக்குள்ள வெச்சுடாத."